ஸ்காட்லாந்துப் பங்குக் கோயில்: ஊர் வாழ்வும் ஊர்ச் செய்தியும்

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் அடிப்படை அலகு பங்குக் கோயில். மக்கள் வழக்கில் கோயிலுக்கும் திருச்சபைக்கும் 'கர்க்' என்றே பெயர். பங்குகளின் எல்லைகள் 12ஆம் நூற்றாண்டிலேயே வகுக்கப்படத் தொடங்கின. ஆனால் போதகரும் மூப்பர்களும் சேர்ந்து ஊரை நடத்தும் 'கர்க் செஷன்' என்ற மூப்பர் மன்றம் 1560இன் சமயச் சீர்திருத்தத்தோடு வந்தது. அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், ஊரின் நீதிமன்றம், ஏழைகள் நிதி, பள்ளி, பதிவேடு, அறிவிப்பு மேடை எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு இவற்றை ஒவ்வொன்றாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. சபையின் மாத இதழ், மகளிர் சங்கம், சிறுவர் படை, தேநீர் விருந்து என இன்று நாம் சபை வாழ்வாகக் காண்பவற்றில் பெரும்பகுதி, அந்த அதிகாரங்கள் கைநழுவிய காலத்தில் முளைத்தவை. கட்டாயத்தால் கூடிய ஊர், விருப்பத்தால் கூடும் சபையாக மாறிய கதை இது.

மூப்பர் மன்றத்தின் காலம்

சமயச் சீர்திருத்தத்தின் தலைவர் ஜான் நாக்ஸும் அவருடைய தோழர்களும் 1560இல் எழுதிய முதலாம் ஒழுங்கு நூல், ஒவ்வொரு பங்கிலும் ஒரு பள்ளி வேண்டும், ஏழைகளைப் பங்கே தாங்க வேண்டும் என்று கேட்டது. நிலக்கிழார்கள் பணம் தர முன்வராததால் அந்தக் கனவு மெதுவாகவே நடந்தது. பங்குதோறும் பள்ளி நடத்துவதும் ஆசிரியருக்குச் சம்பளம் தருவதும் நிலக்கிழார்களின் கடமை என்று 1696இன் சட்டம் உறுதி செய்தது.

மூப்பர் மன்றமோ உடனே வேரூன்றியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகர மன்றத்தின் பதிவேடு 1559இலிருந்தே கிடைக்கிறது. இந்த ஏடுகளைப் புரட்டினால் ஊரின் வாழ்க்கை அப்படியே கண்முன் வரும். ஓய்வுநாளில் வலை காயவைத்தவர், அண்டை வீட்டாரை ஏசியவர், திருமணத்துக்கு முன் கருவுற்ற பெண், அதற்குக் காரணமான ஆண் எனப் பலர் மன்றத்தின் முன் நின்றார்கள். குற்றம் உறுதியானால் ஞாயிறு வழிபாட்டில் சபையார் எல்லாரும் பார்க்க, மனவருத்த முக்காலியில் அமர வேண்டும். சில ஊர்களில் கோயில் சுவரில் இரும்புக் கழுத்து வளையம் பொருத்தியிருந்தார்கள். எடின்பரோவின் டடிங்ஸ்டன் கோயிலில் அதை இன்றும் காணலாம்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் மாக்லின் கோயிலில் இப்படிக் கண்டிக்கப்பட்டவர். ஜீன் ஆர்மர் அவரால் கருவுற்றிருந்தார். போதகர் வில்லியம் ஆல்ட், கவிஞர் தம் வழக்கமான இருக்கையிலேயே நின்று கண்டனத்தைக் கேட்க அனுமதித்தார். அதே ஊரின் மூப்பர் ஒருவரைப் பாத்திரமாக்கி, வேடதாரிப் பக்தியைச் சாடி பர்ன்ஸ் எழுதிய கவிதை இன்றும் புகழோடு இருக்கிறது.

இந்தக் கண்டிப்பில் கொடுமை இருந்தது. அதன் சுமை பெண்கள்மீது கூடுதலாக விழுந்தது என்பதையும் மறைக்க முடியாது. ஆனால் அதே மன்றம்தான் விதவைக்கு மாதந்தோறும் சில ஷில்லிங்கும், அநாதைக் குழந்தைக்குக் காலணியும், ஏழைச் சிறுவனுக்குப் பள்ளிக் கட்டணமும் கொடுத்தது. பணம் வந்த வழிகள் சுவையானவை. ஞாயிற்றுக் காணிக்கை, குற்றத்துக்கு வாங்கிய அபராதம், சவப்பெட்டியின்மேல் போர்த்தும் கறுப்புத் துணியின் வாடகை எல்லாம் ஏழைகள் பெட்டிக்கே போயின. காணிக்கைத் தட்டில் செல்லாத செப்புக்காசுகளும் விழுந்தன; அவற்றைச் சேர்த்துவைத்து எடைக்கு விற்ற கணக்கும் பல ஏடுகளில் இருக்கிறது. வேறு ஊருக்குக் குடிபெயர்கிறவர் மன்றத்திடம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது இல்லாதவரைப் புதிய ஊர் எளிதில் ஏற்காது.

கோயில் வாசலில் செய்தி

செய்தித்தாள் இல்லாத காலத்தில் ஊர் முழுவதும் கூடும் நேரம் ஞாயிறு காலைதான். கல்யாண ஓலை மூன்று ஞாயிறு கோயிலுக்குள் வாசிக்கப்பட்டது. மணமக்கள் ஒரு பிணைத்தொகை கட்டிவைப்பது பல ஊர்களின் வழக்கம். குறித்த காலத்துக்கு முன் குழந்தை பிறந்துவிட்டால் அந்தத் தொகை ஏழைகள் பெட்டியில் சேர்ந்துவிடும். ஆராதனை முடிந்து மக்கள் வெளியே வந்ததும், ஏலம், காணாமற்போன ஆடுமாடு, சட்ட அறிவிப்பு ஆகியவற்றை வாசலில் நின்று உரக்கக் கூறுவார்கள். நாட்டில் நோன்பு அறிவிப்பதானாலும் வெற்றிக்கு நன்றி செலுத்துவதானாலும் ஊராருக்குச் செய்தி பிரசங்க மேடையிலிருந்தே வந்தது.

பதிவேடுகள் சீர்திருத்தத்துக்கும் முந்தியவை. ஞானஸ்நானத்தையும் கல்யாண ஓலையையும் எழுதிவைக்க வேண்டும் என்று கத்தோலிக்கக் குருமார் மன்றம் 1552இல் ஆணையிட்டது. கிடைப்பவற்றில் மிகப் பழையது எரல் பங்கின் ஏடு. அது 1553இல் தொடங்குகிறது. ஆனால் எல்லாப் பங்குகளிலும் ஏடு ஒழுங்காக எழுதப்படவில்லை. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்தார்கள். ஏழைகள் பெயர் எழுதாமலே இருந்துவிட்டார்கள். பத்தாண்டுக்குப் பின் வரி நீங்கியது. விடுபட்ட பெயர்கள் விடுபட்டவைதான்.

ஊரைப் பற்றி எழுதுவதில் போதகர்களின் மிகப்பெரிய சாதனை 1790களில் நடந்தது. சர் ஜான் சின்க்ளேர் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட கேள்விகளை அச்சிட்டு நாட்டிலுள்ள எல்லாப் பங்குப் போதகர்களுக்கும் அனுப்பினார். மண் எப்படி, மீன் எவ்வளவு, கூலி என்ன, எத்தனை பேர் பிழைப்புக்கு வெளியூர் போனார்கள், மக்கள் என்ன உண்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். 938 பங்குகளிலிருந்து வந்த பதில்கள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தன. சில போதகர்கள் நான்கு வரியில் முடித்துக்கொண்டார்கள். சிலர் உருளைக்கிழங்குக்கும் கஞ்சிக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார்கள். ஒரு நாட்டின் கிராமங்களை அங்கேயே வாழ்ந்தவர்கள் இவ்வளவு நெருக்கமாக வருணித்த நூல் அக்காலத்தில் அரிது. இரண்டாம் வரிசை 1834க்கும் 1845க்கும் இடையில் 15 தொகுதிகளாக வந்தது. இந்த மரபை நாவலாக்கியவர் ஜான் கால்ட். 1821இல் வந்த அவருடைய 'பங்கின் ஆண்டுக்குறிப்புகள்' நாவலில், கற்பனைப் போதகர் ஒருவர் 1760 முதல் 1810 வரை தம் ஊரில் நடந்தவற்றை ஆண்டுக்கு ஓர் அத்தியாயமாகச் சொல்கிறார்.

திருவிருந்து நாள்கள்

பல ஊர்களில் திருவிருந்து ஆண்டுக்கு ஓரிரு முறைதான். அதனால் அது ஒரு திருவிழாவாகவே நடந்தது. வியாழன் நோன்பு, சனி ஆயத்தம், ஞாயிறு விருந்து, திங்கள் நன்றியாராதனை. அண்டைப் பங்குகளிலிருந்தும் கால்நடையாக மக்கள் வந்தார்கள். பந்தியில் அமர ஈய வில்லை ஒன்று வேண்டும். ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் பொறித்த அந்த வில்லையை, தகுதியுள்ளவருக்கு மட்டும் மூப்பர்கள் கொடுத்தார்கள். 1742 ஆகஸ்டில் கிளாஸ்கோவுக்கு அருகே கேம்பஸ்லாங்கில் ஜார்ஜ் விட்ஃபீல்ட் பிரசங்கித்த திருவிருந்துக்கு முப்பதாயிரம் பேர் கூடினார்கள் என்று அக்காலத்தவர் கணக்கிட்டார்கள். பிற்காலத்தில் வில்லைக்குப் பதில் அச்சிட்ட அட்டை வந்தது. அந்த அட்டையை மூப்பர் தம் பகுதி வீடுகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து நலம் விசாரிக்கும் பழக்கம் நீடித்தது. சபைக்கும் வீட்டுக்கும் இடையே செய்தி போய்வந்த உண்மையான பாதை அதுதான்.

ரத்வெல்: ஒரு போதகரின் ஊர்

டம்ஃப்ரீஸ் அருகிலுள்ள ரத்வெல் சிற்றூரின் போதகர் ஹென்றி டங்கன், பங்குக் கோயில் தன் ஊருக்கு எவ்வளவு செய்யக்கூடும் என்பதற்கு நல்ல சான்று. 1809இல் அவர் வட்டாரச் செய்தித்தாள் ஒன்றைத் தொடங்கினார். 1810இல் ஊரின் சிறு குடிசை ஒன்றில் சேமிப்பு வங்கியைத் திறந்தார். வணிக வங்கிகள் பத்துப் பவுண்டுக்குக் குறைந்த தொகையை ஏற்காத காலம் அது. டங்கன் ஆறு பென்னி இருந்தால் போதும் என்றார். பணம் மூன்று பூட்டுப் பெட்டியில் இருந்தது. மூன்று சாவிகளும் சேர்ந்தால்தான் அது திறக்கும். தானத்தை எதிர்பார்த்து நிற்பதைவிடச் சொந்தச் சேமிப்பு மனிதருக்கு மானம் தரும் என்பது அவருடைய நம்பிக்கை. சில ஆண்டுகளிலேயே பிரிட்டன் முழுவதும் இத்தகைய வங்கிகள் பரவின. சீர்திருத்த வேகத்தில் 17ஆம் நூற்றாண்டில் உடைத்துப் போடப்பட்டிருந்த ரத்வெல் கற்சிலுவையின் துண்டுகளைத் தேடி எடுத்து 1823இல் நிமிர்த்தி வைத்தவரும் அவரே. 1887 முதல் அச்சிலுவை கோயிலுக்குள் நிற்கிறது.

பிளவு

போதகரை நியமிக்கும் உரிமை யாருக்கு, நிலக்கிழாருக்கா சபைக்கா? இந்தக் கேள்வி, அந்த உரிமையை நிலக்கிழாருக்குத் தந்த 1712இன் சட்டத்திலிருந்தே புகைந்துகொண்டிருந்தது. 1843 மே 18 அன்று அது வெடித்தது. எடின்பரோவில் கூடிய, திருச்சபையின் உச்ச மன்றமான பொதுச்சபையிலிருந்து தாமஸ் சால்மர்ஸ் முதலானோர் எழுந்து வெளியேறி, கேனன்மில்ஸ் பகுதியின் டான்ஃபீல்ட் மண்டபத்துக்கு நடந்து போய்ச் சுதந்திரத் திருச்சபையை நிறுவினார்கள். சுமார் 1,200 போதகர்களில் 474 பேர் சம்பளத்தையும் வீட்டையும் விட்டுவிட்டுப் போனார்கள். டங்கனும் அவர்களில் ஒருவர். ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு பள்ளி, இரண்டு போதகர் என்று வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. சூனார்ட் கடற்கழிப் பகுதியில் நிலக்கிழார் புதிய சபைக்கு இடம் தர மறுத்தார். மக்கள் கிளைட் ஆற்றுத் தளத்தில் இரும்பால் ஒரு மிதக்கும் கோயில் கட்டுவித்து 1846இல் கொண்டுவந்து நங்கூரமிட்டார்கள். நூறு பேர் ஏறினால் அது ஓர் அங்குலம் தாழும். அதை வைத்தே கூட்டத்தின் அளவைக் கணித்தார்கள்.

இந்தப் பிளவு சென்னையையும் தொட்டது. 1837இல் இங்கே பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் போனார். எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயில் பழைய திருச்சபையோடு நின்றது. ஆண்டர்சனின் பள்ளி சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதை வளர்த்த வில்லியம் மில்லர் 1896இல் சுதந்திரத் திருச்சபைப் பொதுச்சபையின் தலைவரானார்.

அதிகாரம் போனபின்

இரண்டாகப் பிளந்த திருச்சபையால் நாட்டின் ஏழைகளைத் தாங்க முடியவில்லை. 1845இல் ஏழைகள் நிவாரணம் தனி வாரியங்களிடம் போனது. 1855 ஜனவரி முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அரசுக்குப் போனது. 1872இல் பள்ளிகளும் போயின. ஒரு தலைமுறைக்குள் பங்குக் கோயில் ஊரைக் கட்டிவைத்திருந்த கயிறுகள் அவிழ்ந்துவிட்டன.

பதில் தேடியவர்களில் முதன்மையானவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் சார்ட்டரிஸ். அவர் 1879இல் 'லைஃப் அண்ட் ஒர்க்' இதழைத் தொடங்கினார். அதன் அமைப்பே புதுமை: நடுவில் நாடு முழுவதற்கும் பொதுவான பக்கங்கள், அவற்றோடு ஒவ்வொரு சபையும் தன் சொந்தச் செய்தித்தாளைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். ஞானஸ்நானம், மரணம், காணிக்கைக் கணக்கு, ஞாயிற்றுப் பள்ளிச் சுற்றுலா, பாடகர் குழு ஒத்திகை எல்லாம் அந்த இணைப்பில் வந்தன. முக்காலியில் அமர்த்தி அவமானத்தைச் செய்தியாக்கிய கோயில், இப்போது மகிழ்ச்சியையும் துக்கத்தையும் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தது. இதைவிட நல்ல மாற்றம் அதன் வரலாற்றில் இல்லை.

சார்ட்டரிஸின் முயற்சியிலேயே 1887இல் மகளிர் சங்கம் பிறந்தது. அதற்கு முன் 1883 அக்டோபரில் கிளாஸ்கோவில் வில்லியம் அலெக்ஸாண்டர் ஸ்மித் சிறுவர் படையைத் தொடங்கியிருந்தார். ஞாயிற்றுப் பள்ளியில் அடங்காத பையன்களை அணிவகுப்பும் ஒழுங்கும் கட்டிப்போடும் என்று அவர் எண்ணியது பலித்தது. கோயிலுக்குப் பக்கத்திலேயே மண்டபங்கள் எழுந்தன. கைவேலை விற்பனை, கேக்கும் தேநீரும், பாட்டுக் கச்சேரி என அங்கே வாரம் முழுவதும் நடமாட்டம் இருந்தது. சபையின் செலவுக்குப் பெண்கள் இந்த மண்டபத்தில்தான் பணம் திரட்டினார்கள். ஆனால் அவர்கள் மூப்பராக 1966 வரையிலும், போதகராக 1968 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரிந்த சபைகளில் பெரும்பாலானவை 1929 அக்டோபரில் மீண்டும் ஒன்றாயின. 1930களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் கிளாஸ்கோவின் கோவன் பங்குப் போதகர் ஜார்ஜ் மக்ளவுட், கைத்தொழிலாளர்களையும் பயிற்சிப் போதகர்களையும் 1938இல் அயோனா தீவுக்கு அழைத்துச் சென்று பழைய மடாலயக் கட்டடங்களை எழுப்பச் செய்தார். அயோனா சமூகம் அங்கே பிறந்தது.

இன்றைய நிலை

உறுப்பினர் எண்ணிக்கை 1956இல் உச்சம் தொட்டது. அப்போது 13 லட்சத்துக்கு மேல். 2023 முடிவில் ஏறத்தாழ 2.6 லட்சம். தமக்குச் சமயம் இல்லை என்று கூறியவர்கள் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாதிக்கு மேல். பங்குகள் இணைக்கப்படுகின்றன, கோயில்கள் விற்கப்படுகின்றன, ஒரே போதகர் பல ஊர்களைப் பார்க்கிறார். சபை இதழும் ஞாயிற்று அறிவிப்புகளும் மண்டபத்துத் தேநீரும் தொடர்கின்றன. பல ஊர்களில் உணவு வங்கியும் முதியோர் மதிய உணவும் அதே மண்டபத்தில் நடக்கின்றன. பழைய மூப்பர் மன்ற ஏடுகளின் படிமங்கள் 2021இல் இணையத்தில் திறக்கப்பட்டதால், குடும்ப வேர் தேடுவோர் உலகெங்கிலுமிருந்து அவற்றைப் படிக்கிறார்கள்.

நாட்டின் ஒவ்வொரு பங்கிலும் மக்களுக்குச் சமயப் பணி கிடைக்கச் செய்வது திருச்சபையின் கடமை என்று 1921இன் சட்டம் ஏற்ற பிரகடனத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. 2010இல் பொதுச்சபை அந்தக் கடமையை மறுபடி உறுதிப்படுத்தியது. அதனால் உறுப்பினரல்லாத வீட்டிலும் சாவு நேர்ந்து குடும்பத்தார் கேட்டால், அந்தப் பங்கின் போதகர் அடக்க ஆராதனையை நடத்திக்கொடுக்கிறார். அதற்குக் கட்டணமும் கேட்பதில்லை.