பழைய பந்தின் வரலாறு: ஒருநாள் கிரிக்கெட்டில் மட்டையும் பந்தும்

இன்றைய கிரிக்கெட்டில் எதை மாற்ற வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டால் பல பதில்கள் வரும். போட்டிகள் அளவுக்கு மீறி நடக்கின்றன என்பார் ஒருவர். நடுவர் தீர்ப்பு மறுஆய்வில் குறை காண்பார் இன்னொருவர். ஆனால் நீண்ட காலமாக எல்லா நாட்டு ரசிகர்களிடமும் கேட்டுவரும் ஒரு குறை உண்டு. ஆட்டம் மட்டையாளர் பக்கம் சாய்ந்துவிட்டது, பந்துவீச்சாளருக்கு ஒன்றும் மிச்சம் இல்லை என்பதே அது. இந்தக் குறை எப்படி உருவானது என்பதை ஒருநாள் கிரிக்கெட்டில் பயன்படுத்தப்படும் பந்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்க காலம்

முதல் ஒருநாள் பன்னாட்டுப் போட்டி 1971 ஜனவரி 5 அன்று மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்தது. மழையால் டெஸ்ட் போட்டி ரத்தானதால் அதற்குப் பதிலாக நடத்தப்பட்ட ஆட்டம் அது. வெள்ளை உடை, சிவப்புப் பந்து என எல்லாமே டெஸ்ட் போட்டியைப் போலவே இருந்தன. 1975, 1979, 1983 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் ஒரு இன்னிங்ஸுக்கு 60 ஓவர்கள் வீசப்பட்டன.

அக்காலத்தில் 200 ஓட்டங்கள் எடுத்தாலே அணிக்கு ஓரளவு நம்பிக்கை பிறக்கும். 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா 183 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அன்று உலகின் வலிமையான அணியாக இருந்த மேற்கிந்தியத் தீவுகளை 140 ஓட்டங்களில் சுருட்டிக் கோப்பையை வென்றது. அந்த வெற்றி பந்துவீச்சால் கிடைத்தது. மொகிந்தர் அமர்நாத், மதன் லால் ஆகிய மிதவேகப் பந்துவீச்சாளர்கள் ஆளுக்கு மூன்று விக்கெட்டுகள் எடுத்தனர்.

வெள்ளைப் பந்தின் வருகை

1970களின் இறுதியில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் நடத்திய தனித் தொடரில் இரவு நேர ஆட்டங்களும் வெள்ளைப் பந்தும் அறிமுகமாயின. விளக்கொளியில் சிவப்புப் பந்து சரியாகத் தெரியாது என்பதே இதற்குக் காரணம். 1992 உலகக் கோப்பையில் வண்ண உடையும் வெள்ளைப் பந்தும் இடம்பெற்றன.

வெள்ளைப் பந்துக்கு ஒரு குறை உண்டு. சிறிது நேரம் ஆடியதும் அது அழுக்காகி நிறம் மங்கும். முப்பது ஓவர்களைத் தாண்டினால் மட்டையாளரால் அதைத் தெளிவாகப் பார்க்க முடிவதில்லை. இதற்குப் பல தீர்வுகள் முயன்று பார்க்கப்பட்டன. 1992 உலகக் கோப்பையில் இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு பந்து பயன்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் ஒரே பந்து வழக்கமாயிற்று. 2007 அக்டோபர் முதல் 34 ஓவர்கள் முடிந்ததும் அந்தப் பந்தை எடுத்துவிட்டு, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட, ஆனால் சுத்தமான வேறொரு பந்தைக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 2011 அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முனைக்கு ஒன்றாக இரண்டு புதிய பந்துகளைக் கட்டாயமாக்கியது. இதனால் 50 ஓவர்கள் முடியும்போதுகூட ஒரு பந்தின் வயது 25 ஓவர்கள்தான்.

பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற நியாயமான நோக்கத்தில் பிறந்த விதி இது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

பழைய பந்து செய்யும் வேலை

புதிய பந்து கடினமாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அதன் தையல் எழும்பி நிற்கும். அது காற்றில் வளையும், ஆடுகளத்தில் பட்டு விலகும். அதே நேரத்தில், கடினமாக இருப்பதால் மட்டையில் பட்டால் வேகமாகப் பறக்கும்.

பந்து பழையதாகும்போது நிலைமை மாறுகிறது. களத்தடுப்பு அணி ஒரு பக்கத்தை மட்டும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும். மறுபக்கம் ஆடுகளத்தில் உரசிச் சொரசொரப்பாகும். புதிய பந்து வழக்கமாகச் சொரசொரப்பான பக்கத்தை நோக்கி வளையும். நன்றாகப் பழகிய பந்தை மிக வேகமாக வீசினால் அது பளபளப்பான பக்கத்தை நோக்கித் திரும்பும். இதுவே ரிவர்ஸ் ஸ்விங். மட்டையாளர் எதிர்பார்க்கும் திசைக்கு நேர்மாறாக, அதுவும் கடைசி நேரத்தில் வளைவதால் இதை ஆடுவது மிகக் கடினம்.

பாகிஸ்தானின் சர்ஃபராஸ் நவாஸ் இக்கலையின் முன்னோடி. அவரிடமிருந்து இம்ரான் கானுக்கும், இம்ரானிடமிருந்து வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ் ஆகியோருக்கும் அது கைமாறியது. 1992 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அக்ரம் அடுத்தடுத்த இரு பந்துகளில் ஆலன் லாம்ப், கிறிஸ் லூயிஸ் இருவரின் ஸ்டம்புகளையும் சாய்த்தது இன்றும் பேசப்படுகிறது.

2007 உலகக் கோப்பையில், 34ஆவது ஓவர் விதி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், இலங்கையின் லசித் மாலிங்க தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகள் எடுத்தார். தென்னாப்பிரிக்கா வெற்றிக்கு நான்கே ஓட்டங்கள் எடுக்க வேண்டியிருந்தது; கையில் ஐந்து விக்கெட்டுகள் இருந்தன. இறுதியில் ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க அது வென்றது. முடிந்துபோனதாக எல்லோரும் நினைத்த ஆட்டத்தை இன்னிங்ஸின் கடைசிப் பகுதியில் ஒரு பந்துவீச்சாளர் தலைகீழாக்கப் பார்த்தார்.

விரல்களால் பந்தைச் சுழற்றும் சுழற்பந்து வீச்சாளருக்கும் பழைய பந்து உதவும். மென்மையான பந்து மட்டைக்கு மெதுவாக வரும். அதை எல்லைக்கு வெளியே அடிப்பது எளிதல்ல. ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட்டுகளுடன் முதலிடத்தில் இருக்கும் முத்தையா முரளிதரன் தம் கடைசி ஒருநாள் போட்டியை 2011 ஏப்ரல் 2 அன்று மும்பையில், உலகக் கோப்பை இறுதிப் போட்டியாக ஆடினார். ஆறு மாதங்களில் இரட்டைப் பந்து விதி நடைமுறைக்கு வந்தது.

ஒரே பக்கம் சாய்ந்த விதிகள்

இரட்டைப் பந்து மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் அல்ல. 1992 உலகக் கோப்பையிலும் இரண்டு பந்துகள் இருந்தன. அப்போது பந்துவீச்சாளர்கள் திணறவில்லை. அன்றைக்கும் 2011க்கும் இடையில் வேறு பல விதிகள் வந்து சேர்ந்துவிட்டன.

1992 உலகக் கோப்பையில் முதல் 15 ஓவர்களுக்கு உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்களே நிற்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. 1996இல் இலங்கையின் சனத் ஜெயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் இதைப் பயன்படுத்தித் தொடக்கத்திலேயே அடித்து ஆடும் முறையைப் பரப்பினர். 2005இல் பவர்பிளே என்ற பெயரில் இக்கட்டுப்பாடு 20 ஓவர்களாக நீண்டது. 2007இல், கால் கோட்டைத் தாண்டி வீசப்படும் நோ-பாலுக்கு ஃப்ரீ ஹிட் வந்தது. 2012இல், பவர்பிளே அல்லாத ஓவர்களிலும் உள்வட்டத்துக்கு வெளியே நான்கு பேர் மட்டுமே நிற்கலாம் என்றானது. அதே ஆண்டு ஓவருக்கு இரண்டு பவுன்சர்கள் வீசலாம் என்று பந்துவீச்சாளர்களுக்குச் சிறு சலுகை கிடைத்தது.

விதிகளோடு கருவிகளும் மாறின. மட்டைகளின் விளிம்பு தடித்தது. விளிம்பில் பட்ட பந்துகூட சிக்ஸராகப் போனது. களத்தடுப்பாளரின் பாதுகாப்புக்காக எல்லைக் கயிறு வேலியிலிருந்து உள்ளே தள்ளப்பட்டதால் மைதானமும் சுருங்கியது.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தது. ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தன.

ஓட்டங்கள் சொல்லும் கணக்கு

1997 மே 21 அன்று சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ஓட்டங்கள் எடுத்தார். ஆண்கள் ஒருநாள் போட்டிகளில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ஓட்டமாக அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நின்றது. 2009இல் சிம்பாப்வேயின் சார்லஸ் கவன்ட்ரி அதைச் சமன் செய்தார். 2010 பிப்ரவரி 24 அன்று குவாலியரில் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 200 ஓட்டங்கள் எடுத்து, ஆண்கள் ஒருநாள் போட்டிகளின் முதல் இரட்டைச் சதத்தை அடித்தார்.

முதல் இரட்டைச் சதத்துக்கு 39 ஆண்டுகள் ஆயின. அதன்பின் 2024 பிப்ரவரிக்குள் மேலும் பதினொன்று வந்துவிட்டன. அவை அனைத்தும் இரட்டைப் பந்து விதிக்குப் பிற்பட்டவை. ரோகித் சர்மா ஒருவரே மூன்று அடித்தார். 2014 நவம்பரில் கொல்கத்தாவில் இலங்கைக்கு எதிராக அவர் எடுத்த 264 அவற்றில் உச்சம்.

அணிகளின் கணக்கும் அப்படியே. 2006இல் இலங்கை நெதர்லாந்துக்கு எதிராக எடுத்த 443 பத்து ஆண்டுகள் சாதனையாக இருந்தது. அதன்பின் இங்கிலாந்து மட்டும் 2016இல் 444, 2018இல் 481, 2022இல் 498 என்று மூன்று முறை அதை உயர்த்தியது.

மறுபக்கம்

இரண்டு புதிய பந்துகளால் பந்துவீச்சாளருக்கு நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடக்க ஓவர்களில் இரு முனைகளிலும் பந்து வளையும். 2019 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க் 27 விக்கெட்டுகள் எடுத்தார். 2023 ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் முகமது சிராஜின் வேகத்தில் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது.

ஆனால் இவை பெரும்பாலும் புதிய பந்தின் வெற்றிகள். தொடக்கத்தில் விக்கெட் விழாவிட்டால் பந்துவீசும் அணிக்கு அடுத்த வழி குறைவு. முன்பு ஓர் இன்னிங்ஸில் புதிய பந்து, நடுத்தர பந்து, பழைய பந்து என மூன்று கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திறமை தேவைப்பட்டது. மூன்றாவது கட்டம் மறைந்தபோது அதற்குரிய திறமையும் தேவையற்றதாகத் தோன்றத் தொடங்கியது. பயன்படாத கலையைக் கற்க இளம் பந்துவீச்சாளர்கள் முன்வருவதில்லை. ரசிகர்களின் கவலைக்கு அடிப்படை இதுதான்.

கோரிக்கையும் மாற்றமும்

குறைகளைக் களைய முயற்சிகள் இடையிடையே நடந்தன. 2015 உலகக் கோப்பையில் கிறிஸ் கெய்ல், மார்ட்டின் கப்டில் ஆகிய இருவர் இரட்டைச் சதம் அடித்தனர். அதே ஆண்டின் நடுவில் ஐ.சி.சி. மட்டையாளர் தேர்வு செய்யும் பவர்பிளேயை நீக்கியது. கடைசி பத்து ஓவர்களில் ஐந்து பேர் வெளியே நிற்கவும் அனுமதித்தது. 2017 அக்டோபர் முதல் மட்டையின் விளிம்பு 40 மில்லிமீட்டருக்கும், தடிமன் 67 மில்லிமீட்டருக்கும் மேல் போகக்கூடாது என்று கிரிக்கெட் சட்டம் வரம்பு விதித்தது.

2018 ஜூனில் இங்கிலாந்து 481 ஓட்டங்கள் குவித்த சில நாட்களில், ஏராளமான ஓட்டங்களைக் குவித்த டெண்டுல்கரே இரட்டைப் பந்து முறையைக் கடுமையாகக் குறை கூறினார். ரிவர்ஸ் ஸ்விங் உருவாகப் பந்துக்கு நேரமே கிடைப்பதில்லை என்பது அவர் வாதம். வக்கார் யூனிஸும் அதை ஆமோதித்தார். 2020இல் கொரோனா பரவலால் பந்தில் எச்சில் தடவத் தடை வந்தது. 2022இல் அது நிரந்தரமானது. பந்தைப் பளபளப்பாக்க வியர்வை மட்டுமே மிஞ்சியது.

இருபது ஓவர் ஆட்டத்திலும் இதே குரல் எழுந்தது. 2024 ஏப்ரலில் கொல்கத்தாவில் பஞ்சாப் அணி 262 ஓட்ட இலக்கை எட்டு பந்துகள் மீதமிருக்க எட்டியபோது, பந்துவீச்சாளர்களை யாராவது காப்பாற்றுங்கள் என்ற பொருளில் தமிழக வீரர் ரவிச்சந்திரன் அஸ்வின் சமூக ஊடகத்தில் எழுதினார்.

2025இல் ஐ.சி.சி. ஒருநாள் பந்து விதியை மாற்றியது. முதல் 34 ஓவர்கள் வரை இரண்டு பந்துகள் பயன்படும். அதன்பின் களத்தடுப்பு அணி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; மீதமுள்ள 16 ஓவர்களும் இரு முனைகளிலிருந்தும் அந்த ஒரே பந்தால் வீசப்படும். 34ஆவது ஓவர் முடிவில் 17 ஓவர்கள் பழையதாக இருக்கும் பந்து, இன்னிங்ஸ் முடியும்போது 33 ஓவர்கள் பழையதாகிவிடும். ஆண்கள் ஒருநாள் போட்டிகளில் இவ்விதி 2025 ஜூலை 2 அன்று கொழும்பில் நடந்த இலங்கை–வங்கதேச ஆட்டத்தில் தொடங்கியது.

முடிவுரை

புதிய விதி பழைய காலத்தை அப்படியே மீட்டுத் தராது. மட்டைகள் மெலிந்துவிடவில்லை, எல்லைக் கயிறும் வேலிக்குத் திரும்பவில்லை. ஆனாலும் பந்துக்கு எட்டு ஓவர் கூடுதல் வயது கிடைத்திருக்கிறது. ரசிகர்கள் கேட்டதும் ஓட்டங்கள் குறைய வேண்டும் என்பதல்ல. கடைசி ஓவர் வரை பந்துவீச்சாளர் கையிலும் ஓர் ஆயுதம் இருக்க வேண்டும் என்பதே. சேப்பாக்கத்தில் அன்வர் எடுத்த 194 பல ஆண்டுகள் பெரிதாக மதிக்கப்பட்டதற்குக் காரணம், அந்த அளவு ஓட்டங்களை எடுப்பது அன்று அவ்வளவு கடினமாக இருந்ததுதான். எதிரில் பந்து வலிமையோடு நின்றால்தான் மட்டையாளர் எடுக்கும் ஓட்டத்துக்கும் மதிப்பு இருக்கும்.