அத்தையின் கையும் தீப்பெட்டி மருந்தும்

எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர் வீட்ல கடல்தண்ணி மீன் தொட்டி வச்சிருக்கார். உள்ள உயிரோட பவளம், பாறை எல்லாம் உண்டு. வாராவாரம் கையை விட்டு சுத்தம் பண்ணுவார். போன மாசம் முழங்கை வரைக்கும் சிவந்து தடிச்சு ஒரே அரிப்பு. தோல் டாக்டர்ட்ட போனா, அவர் கேட்ட முதல் கேள்வி "கைய எதுக்குள்ள விடுறீங்க?" தொட்டியைச் சொன்னதும் விஷயம் முடிஞ்சது. நீளமா ஒரு ரப்பர் கையுறை, ஒரு களிம்பு, பத்து நாள்ல சரி.

அதைக் கேட்டதுல இருந்து எனக்கு எங்க அத்தை ஞாபகமாவே இருக்கு. அத்தைக்கு கை வெடிச்சு, தோல் உரிஞ்சு, நீர் வடிய ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு. அவங்ககிட்ட அந்தக் கேள்வியை யாருமே கேட்கலை. ஏன் கேட்கலைன்னு யோசிச்சுக்கிட்டே தேடிப் படிச்சதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நமக்கு விருதுநகர் பக்கம். எங்க ஊர்ப்பக்கம் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டாங்க. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ்தான். 'ஆபீஸுக்குப் போறேன்'னு நானும் சொல்றேன், அத்தையும் சொன்னாங்க. வித்தியாசம் சம்பளத்துல மட்டும் இல்லை.

தீக்குச்சியின் கதை சிவகாசியில் தொடங்கவில்லை. 1830-களில் ஐரோப்பாவில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சி வந்தது. எங்கே உரசினாலும் பத்தும். ஆனால் அதைச் செய்த தொழிலாளிகளுக்குப் பல் வலியில் ஆரம்பித்து தாடை எலும்பே அழுகியது. 1845-இல் வியன்னா மருத்துவர் லோரின்சர் இதை எழுதி வைத்தார். அப்புறமும் அறுபது வருஷம் அந்தக் குச்சி விற்றுக்கொண்டுதான் இருந்தது. 1888 ஜூலையில் லண்டன் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காகப் பத்திரிகையில் எழுதி, கூட நின்றவர் யார் தெரியுமா? பின்னால் சென்னை அடையாறுக்கு வந்து ஹோம் ரூல் இயக்கம் நடத்திய நம்ம அன்னி பெசன்ட்.

1906-இல் பெர்ன் நகரில் வெள்ளை பாஸ்பரஸுக்கு எதிராக சர்வதேச உடன்படிக்கை ஆனது. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம். சிவகாசியின் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தொழில் படிக்க கல்கத்தா போனது 1922. திரும்பி வந்து தீப்பெட்டி ஆரம்பித்தது 1923. அதாவது தடை வந்து பத்து வருஷம் கழித்து. நாம் பிந்தி வந்ததால் தாடை தப்பித்தது. ஊருக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டங்களில் இதுவும் ஒன்று. யாரும் பேசுவதில்லை.

சரி, தாடை தப்பிச்சது. தோல்?

நாம் செய்தது சேஃப்டி மேட்ச். சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், ஒட்டுவதற்கு வஜ்ரம். கூடவே கொஞ்சூண்டு பொட்டாசியம் டைகுரோமேட். இந்தக் கடைசி ஆள்தான் நம்ம கதையின் வில்லன்.

டைகுரோமேட்டில் உள்ள குரோமியம் தோலுக்குள் எளிதாக இறங்கும். எல்லாருக்கும் ஒன்றும் செய்யாது. சிலருக்கு உடம்பு அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. எங்க பாஷையில் சொன்னால் டெலீட் ஆப்ஷன் இல்லாத டேட்டாபேஸ். இன்னொரு சிக்கல், தொட்ட உடனே அரிக்காது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். அதனால் திங்கட்கிழமை தொட்டதுக்கு புதன்கிழமை அரிக்கும்போது முந்தின நாள் சாப்பிட்ட கத்திரிக்காய் மேல் பழி விழும். எங்க வீட்லயும் கத்திரிக்காய் ரொம்ப நாள் தள்ளி வச்சிருந்தோம், பாவம்.

இதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்டை யாடாசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் அறிவித்தது 1895-இல். சிவகாசியில் முதல் தீப்பெட்டி ஆபீஸ் வருவதற்கு 28 வருஷம் முன்னாடி.

அத்தைக்குப் பெட்டி அடைக்கிற வேலை. மெழுகிலும் மருந்திலும் முக்கிக் காய வைத்த குச்சியைக் கையால் அள்ளி பெட்டியில் அடைக்கணும். எண்ணெல்லாம் மாட்டாங்க. ஒரு பிடி பிடிச்சா ஒரு பெட்டிக்குச் சரியா இருக்கும், அது கைக்கே தெரியும். நாள் முழுக்க மருந்துத் தலை உள்ளங்கையில் உரசிக்கிட்டே இருக்கும். கூலி குரோஸ் கணக்கு. கையுறை மாட்டினா அந்தக் கைக்கணக்கு போயிடும், கணக்கு போனா கூலி போயிடும்.

பயராபீஸ் கதை இன்னும் சிக்கல். அங்கே அலுமினியப் பவுடர் உண்டு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றவங்க வெள்ளிச் சிலை மாதிரி மின்னிக்கிட்டு வருவாங்க. அந்தப் பவுடரைத் தகடாக அரைக்கும்போது ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு துகள் மேலும் மெழுகு போல ஒரு படலம். தண்ணீர் ஒட்டாது, மேலே மிதக்கும். அதான் முதல்ல எண்ணெய் தேச்சு, அப்புறம்தான் சோப்புப் போடணும். எங்க தெரு அக்காக்கள் இதை வேதியியல் படிக்காமலே செஞ்சாங்க.

'கையுறை போட வேண்டியதுதானே'ன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். வெடிமருந்து இருக்கிற இடத்தில் நைலான், பாலியஸ்டர், சாதாரண ரப்பர் எல்லாம் ஆகாது. உரசினால் நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். அதனால்தான் பருத்தி உடை. அதனால்தான் உள்ளே நுழையும்போது உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்குவது. வெறும் கைதான் தொடணும். பருத்திக் கையுறை போட்டாலோ வேர்வையும் பவுடரும் ஊறி, அதுவே தோலோடு ஒட்டிக்கொள்ளும். நெருப்பிலிருந்து காப்பாற்றும் விதி தோலைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உயிரா தோலான்னா, எல்லாரும் உயிரைத்தானே எடுப்பாங்க.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் நாடே சிவகாசியைத் திரும்பிப் பார்க்கும். பார்க்கவும் வேண்டும். ஆனால் கை அரிப்புக்கு எந்த சேனல் வரும்?

சட்டம் மறக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ரசாயனத்தால் வரும் தோல் அழற்சியும் குரோமியப் புண்ணும் இருந்தன. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அது வந்தால், வைத்தியம் பார்க்கும் டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுதணும். ஆனால் பொதுவாகத் தொழிற்சாலை என்றால் மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேராவது வேலை பார்க்கணும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 20, 40 ஆகிவிட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அதோடு, டாக்டர் 'என்ன வேலை பார்க்கறீங்க'ன்னு கேட்டால்தானே எழுதுவார்! இத்தாலியில் ரமாசினி என்ற மருத்துவர் 1700-லேயே, நோயாளியிடம் மற்ற கேள்விகளோடு தொழிலையும் கேளுங்கள் என்று புத்தகமே எழுதிவிட்டார். எங்க அத்தை பார்த்த டாக்டர்கள் எல்லாருமே 'சேத்துப்புண்ணு, தண்ணில கை வைக்காதீங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மூணு பிள்ளை வளர்த்த பொம்பளை தண்ணில கை வைக்காம எப்படி?

அப்புறம் மெஷின் வந்தது, கைத்தீப்பெட்டி ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடின. அத்தை சித்தாள் வேலைக்குப் போனாங்க. தீப்பெட்டியை விட்டா கை ஆறும்னு நினைச்சோம், மோசமாச்சு. காரணம் எனக்கு இப்பதான் தெரியும். சிமெண்டிலும் அதே குரோமியம் இருக்கிறது! டென்மார்க் 1981-லேயே சிமெண்டில் இரும்பு சல்பேட் கலந்து அதை அடக்க ஆரம்பித்தது. 2005-இல் ஐரோப்பா முழுக்க அளவு கட்டுப்பாடு வந்தது. ஒரு கிணத்துல இருந்து தப்பிச்சு அதே கிணத்துல விழுந்த கதை எங்க அத்தையோடது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அரசு ஆஸ்பத்திரியில, சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க, "இதுக்கு முன்னாடி என்ன வேலைம்மா பார்த்தீங்க?"ன்னு கேட்டாங்களாம். முதுகுல ஒட்டிப் பார்த்தாங்க. குரோமியம்னு வந்தது. தீப்பெட்டியா சிமெண்டான்னு இப்ப பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க. வேலையை நிறுத்தி, தோல் செருப்பையும் மாத்தச் சொன்னாங்க. தோல் பதனிடுறதுலயும் குரோமியம் உண்டு. இப்போ பரவாயில்லை. விரல் மட்டும் முழுசா மடங்காது.

தீபாவளிக்குப் போனப்ப இதையெல்லாம் அத்தைகிட்ட விளக்கினேன். அன்னி பெசன்ட்ல ஆரம்பிச்சு டென்மார்க் வரைக்கும். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப கத்திரிக்கா திங்கலாமாய்யா?"ன்னாங்க.

எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தோணலை. எண்ணெய்க் கத்திரிக்காய் குழம்பு வச்சாங்க, சாப்பிட்டோம்.

கொசுறு: உங்க வீட்லயோ தெருவுலயோ கை ஆறாம யாராவது இருந்தா, என்ன வேலை பார்த்தாங்க, இப்ப என்ன பார்க்கறாங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து டாக்டர்ட்ட அனுப்புங்க. அவர் கேட்கலைன்னாலும் நாம சொல்லலாம்ல.