அடைப்புக்குறிக்குள் போன ஒரு பெயர்

எங்கள் ஊர் கொல்லிமலையில் தேவனூர் நாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் பலா, மிளகு, காபி, அன்னாசி எல்லாம் கிடைக்கும். கடல் மட்டும் கிடைக்காது. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் நான் கடலையே பார்த்தேன். அப்படிப்பட்ட நான் கடலைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் பாம்பன் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என் விடுதி அறைத் தோழன்.

2019 செப்டம்பரில் அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். மன்னார் வளைகுடாவில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அவர்கள் பக்கத்து மீனவர்கள் அதைப் 'பூங்கோரை' என்கிறார்கள். ஒரு ராத்திரி பேச்சுவாக்கில் கேட்டான்: "டேய் மலை, நீ உயிரியல்தானே படிக்கிறே? அது பாசியா, பூச்சியா? ஒண்ணைச் சொல்லு." (மலை என்பது விடுதியில் எனக்கு வைத்த பெயர்.)

பாசி என்று உடனே சொல்லிவிட்டேன். அப்புறம் தேடிப் படித்ததில், நான் சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது.

எங்கள் பலா மரத்தில் புல்லுருவி பிடிக்கும். அதற்குப் பச்சை இலை உண்டு, தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கும். ஆனால் தண்ணீரையும் உப்புச் சத்தையும் மரத்திலிருந்து திருடும். பூங்கோரை அதையும் தாண்டியது. ஒளிச்சேர்க்கையும் நடக்கும், அடுத்த உயிரைப் பிடித்து விழுங்கவும் செய்யும். அதன் அறிவியல் பெயர் நாக்டிலூக்கா சிண்டிலன்ஸ். ஒரே செல்தான், ஆனாலும் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருப்பதால் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். 2019 ஆகஸ்ட் 18 இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதே, அதுவும் இதன் வேலைதான்.

இதில் இரண்டு வகை உண்டு. குளிர்ந்த கடல்களில் இருப்பது சிவப்பு. அது முழுக்க முழுக்கத் தின்னி. நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் இருப்பது பச்சை. அதன் வயிற்றுக்குள் (வயிறு என்பது பேச்சுக்குத்தான், உண்மையில் அது ஒரு பெரிய நுண்குமிழ்) ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் பச்சை உயிர்கள் நீந்திக்கொண்டிருக்கும். அவை வெயிலில் சமைத்துப் போடும், வீட்டுக்காரர் சாப்பிடுவார். போதாவிட்டால் வெளியே டயாட்டம், முட்டை என்று கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார்.

இனி வரலாறு. இதில் எங்கே பார்த்தாலும் நம் கடற்கரை வருகிறது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ல் தொடங்கி 1949ல் மண்டபம் முகாமுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்தார்களே, அதே முகாம்தான். அந்த நாளில் கேள்வி தாவரமா விலங்கா என்பதல்ல, மீன் ஏன் கிடைக்கவில்லை என்பது. 1950ல் பீமாச்சாரும் பி.சி. ஜார்ஜும் மலபார், கன்னடக் கரைகளில் மீன்பாடு திடீரென்று விழுந்ததற்குச் 'செந்நீர்' காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். 1953ல் ஆர். ரகு பிரசாத், பாக் விரிகுடாவில் நாக்டிலூக்கா கூட்டமாகப் பெருகியதையும், அதனால் சூடை மீன்பிடிப்புக்கு வந்த பாதிப்பையும் பற்றி எழுதினார். ஆங்கிலக் கட்டுரைதான், ஆனால் தலைப்பிலேயே 'சூடை' என்ற தமிழ்ச் சொல் அப்படியே இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

அடுத்த வருடம், 1954ல், ஆர். சுப்ரமண்யன் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1946லேயே சென்னைக் கடற்கரையின் டயாட்டங்களை வகைப்படுத்தி எழுதியவர் அவர். இந்தத் தடவை எடுத்துக்கொண்டது கோழிக்கோட்டுக் கடல் பச்சையானதை. நாக்டிலூக்கா பச்சையாக இருப்பதை ஐரோப்பியர்கள் இந்தோனேசியக் கடலில் முன்பே பார்த்திருந்தார்கள். சுப்ரமண்யன் உள்ளே நீந்தும் பச்சை உயிரைத் தனியாக விவரித்து, புதுப் பேரினமாக அறிவித்து, புரோட்டோயூக்ளினா நாக்டிலூக்கே என்று பெயர் வைத்தார். யூக்ளினாவை நீங்களும் பள்ளியில் படித்திருப்பீர்கள், தாவரமா விலங்கா என்று ஆசிரியரே குழம்பும் அந்தப் பாடம். இதையும் அவர் அந்தக் குடும்பத்தில்தான் சேர்த்தார்.

அங்கேதான் வந்தது வினை. 1976ல் அமெரிக்காவின் பியாட்ரிஸ் ஸ்வீனி, தென்கிழக்காசியக் கடலில் எடுத்த பச்சை நாக்டிலூக்காவை ஆராய்ந்து, உள்ளே இருப்பது யூக்ளினா சொந்தமே இல்லை, பச்சைப் பாசி இனம் என்று காட்டினார். அதைப் பீடினோமோனாஸ் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார். பெயர் இப்படி ஆயிற்று: பீடினோமோனாஸ் நாக்டிலூக்கே (சுப்ரமண்யன்) ஸ்வீனி. ஓர் இனத்தை ஒருவர் வேறு பேரினத்துக்கு மாற்றினால், முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் போய்விடுவார். விதிப்படி சரிதான், ஸ்வீனி மேல் தப்பில்லை. ஆனாலும் கோழிக்கோட்டுக் கடலைப் பார்த்து எழுதியவர் 40 வருடம் அடைப்புக்குறிக்குள் இருந்தார் என்பது எனக்கு என்னவோ போல இருந்தது.

சரி, ஒரு பெயருக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பீர்கள். பெயரோடு கணக்கும் வருகிறது. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தாவர மிதவை, விலங்கு மிதவை என்று இரண்டு பெட்டியில் போட்டுத்தான் ரொம்ப காலம் கணக்குப் போட்டார்கள். இரண்டு வேலையும் செய்வதை எந்தப் பெட்டியில் போடுவது? அதீதி மித்ரா, கெவின் ஃப்ளின் போன்றவர்கள், இவை விதிவிலக்கு இல்லை, கடலில் நிறையவே இருக்கின்றன என்று வாதாடி வருகிறார்கள். 2019ல் 'மிக்சோபிளாங்டன்' என்று தனிப் பெயரே வைத்தார்கள். இன்று முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள் பலர் இந்தக் கணக்கில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒளிரும் பாக்டீரியாவைக் கொடுத்து எத்தனை விழுங்குகிறது என்று எண்ணுவார்கள், அடையாளமிட்ட கார்பனைக் கொடுத்து எவ்வளவு சமைக்கிறது என்று அளப்பார்கள்.

அரபிக்கடலில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. அங்கே குளிர்காலத்தில் டயாட்டம்தான் பெருகும். 2000க்குப் பிறகு அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது. ஹெல்கா கோம்ஸ், ஜோவாக்கிம் கோயஸ் குழுவினர் 2014ல், ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே பரவுவதுதான் காரணம் என்றார்கள். ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தார் 2018ல், ஆக்சிஜன் குறையாத இடத்திலும் பெருகுகிறதே என்று மறுத்தார்கள். 2020ல் கோயஸ் குழுவினர், இமயமலைப் பனி குறைந்து குளிர்காலக் காற்று பலவீனமாவதையும் காரணத்தில் சேர்த்தார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. எனக்கு இன்காய்ஸ் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. காரணம் எதுவானாலும், நாக்டிலூக்காவை விரும்பித் தின்பவை சொறியும் (ஜெல்லி மீன்) சால்ப்பும்தான். வலையில் சொறி ஏறினால் என்ன விலை கிடைக்கும் என்று பாம்பன்காரனைக் கேட்டுப் பாருங்கள்!

அவன் ஊரில் 2019ல் நடந்ததைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். கரையருகே பெருகிய நாக்டிலூக்கா செத்து அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனதில் மீன் மட்டுமல்ல, வேகமாக வளரும் பவளங்களும் செத்தன. போதாதற்கு அதன் செல்லுக்குள் அம்மோனியா வேறு இருக்கிறது. 2008 அக்டோபரிலும் இதே வளைகுடாவில் இப்படி நடந்திருக்கிறது.

பெயர்க் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2016ல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் பச்சை உயிரின் மூன்று மரபணுக்களைப் படித்துப் பார்த்தார்கள். பச்சைப் பாசி இனம் என்று ஸ்வீனி சொன்னது உண்மை. ஆனால் பீடினோமோனாஸ் இல்லை, தனிப் பேரினம். தனிப் பேரினம் என்றால் முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை. ஆகவே மறுபடியும் புரோட்டோயூக்ளினா நாக்டிலூக்கே சுப்ரமண்யன், அடைப்புக்குறி இல்லாமல். யூக்ளினாவுக்குச் சொந்தமே இல்லாத ஒன்றுக்கு யூக்ளினா பெயர்! சொந்தம் பார்த்ததில் அவர் தோற்றார், தனி என்று சொன்னதில் ஜெயித்தார்.

இதையெல்லாம் தோழனிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பூச்சிக்குள்ள பாசி. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான் :-)