வேலூர்ச் செருப்பும் ஜெய்ப்பூர்ப் பாதமும்

முன்னுரை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் நான் சமணக் கல்வெட்டு, மலைக்குகை என்று எழுதுவேன் என்பது நம்மவர்களுக்குப் பழகிப்போன விஷயம். இந்தத் தடவை எல்லாரையும் தாங்கும் பாதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருப்பாதத்தை வணங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். தோல் சரக்கைத் தொடுவதில்லை என்பது வீட்டு வழக்கம். ஆகவே டில்லி கரோல் பாக்கில் காலணித் தொழிலுக்குள் நுழைந்தபோதும் ரப்பர் ஷீட்டும் சோலும்தான் எனக்கு வியாபாரம் ஆயின. நான் டாக்டர் இல்லை. ஆனால் விற்கிற சரக்கின் வரலாறு தெரியாமல் விற்பதில் எனக்கு ருசி கிடையாது. அப்படித் தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது. இந்தியா கால் வைத்தியத்துக்கு அளித்த இரண்டு பெரிய கொடைகளிலும், வேலூரிலும் சரி ஜெய்ப்பூரிலும் சரி, நம் ஹவாய் செருப்புக்கு உறவான ரப்பருக்கு இடம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஜெயித்ததற்குக் காரணமும் ஒன்றுதான். காலை மட்டும் பார்க்காமல், அந்தக் காலை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி வாழ்கிறான் என்று பார்த்தார்கள்.

பாதம் செய்யும் வேலை

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். கணுக்கால் மூட்டு கதவுக் கீல் மாதிரி பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது. அதற்குக் கீழே, குதிகால் எலும்பின் மேல் இன்னொரு மூட்டு இருக்கிறது. அது பாதத்தை உள்ளும் வெளியும் சாய்க்கிறது. வயல் வரப்பில் நடக்கும்போது நாம் விழாமல் இருப்பது இதனால்தான். குதிகால் தரையில் பட்டதும் பாதம் தளர்ந்து, மேடு பள்ளத்துக்குத் தக்கபடி படிகிறது. அடுத்த நொடி அதே பாதம் விறைத்து, நெம்புகோல் போல உடம்பை முன்னே தள்ளுகிறது. தளர்வதும் விறைப்பதும் ஒரே உறுப்பு, ஒரே அடியில்!

இந்த ஒழுங்கு தவறினால் வருவதுதான் நாம் அன்றாடம் பார்க்கும் கோளாறுகள். படி இறங்கும்போது பாதம் உள்பக்கம் மடங்கினால் வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டுச் சுளுக்கு. உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் பட்டைநார் புண்பட்டால், காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் உயிர் போகிற குதிகால் வலி. அடிபட்ட இடத்தை அசையாமல் தாங்குவது, பாரத்தைப் பரவலாக்குவது, விழுந்த பாதத்தைத் தூக்கிப் பிடிப்பது என்ற மூன்றும்தான் ஆதரவுக் கருவிகளின் வேலை. நம்ம வட ஆற்காட்டுப் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடுவார்களே, அந்த மூங்கில் பத்தையும் முதல் வகைதான். காலைக் காக்கும் எண்ணமும் நமக்குப் புதிதல்ல. சங்க நூல்களிலேயே செருப்புக்குத் தொடுதோல் என்று பேர் உண்டு.

நம் நாட்டில் பாதத்துக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. நாம் குந்தி உட்காருகிறோம், சம்மணம் போடுகிறோம். குந்தும்போது குதிகால் தரையில் இருக்க, முழங்கால் முன்னே சாய வேண்டும். கணுக்கால் நன்றாக மடங்கினால்தான் இது நடக்கும். சம்மணத்தில் பாதம் உள்பக்கம் திரும்ப வேண்டும். நாற்காலியும் பூட்ஸும் பழகிய மேல்நாட்டாருக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

வேலூர்: வலி தெரியாத பாதம்

பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1914ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை. லண்டனில் படித்துவிட்டு 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் என்றால் விரலும் பாதமும் தானாக அழுகி விழும் என்றே ஜனங்கள் நம்பினார்கள். டாக்டர்களிலும் பலர் அப்படியே நினைத்தார்கள். பிராண்ட் நோயாளிகளின் புண்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாததால் அடிமேல் அடி பட்டுப் பாதம் அழிகிறது என்பதை எடுத்துக் காட்டினார்.

இதில் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. முள்ளும் ஆணியும் மட்டும் எதிரி அல்ல. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழும் சாதாரண அழுத்தமும் புண்ணாக்கும். நமக்கு உள்ளங்கால் கொஞ்சம் நொந்தால், நாம் அறியாமலே நடையை மாற்றி வேறு பக்கம் பாரத்தைப் போடுகிறோம். வலி இல்லாதவன் அப்படிச் செய்வதில்லை. புண்ணின் மேலேயே நடக்கிறான்.

இதற்கு மருந்து, செருப்பு! பிராண்டும் கூட வேலை செய்தவர்களும் பலவிதப் பொருள்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது மைக்ரோ செல்லுலர் ரப்பர், வியாபாரத்தில் எம்.சி.ஆர். என்போம். ரப்பரோடு வாயு உண்டாக்கும் பொடியைக் கலந்து, பிரஸ்ஸில் சூடாக்கினால் உள்ளே நுண்ணிய மூடிய அறைகள் உண்டாகும். சாதாரண ஸ்பான்ஞ்சு மிதித்தால் அமுங்கித் தரையைத் தொட்டுவிடும். இது அமுங்கும், ஆனால் முழுக்க உட்காராது. தொழுநோயாளிக்கான ஷீட் சுமார் 15 ஷோர் கடினத்தில் இருக்க வேண்டும். விரல் வைத்து அழுத்தினாலே மெத்து என்று தெரியும். அதன் கீழே முள் ஏறாத கெட்டி சோல். ஆணி அடிக்கக் கூடாது, பசையும் தையலும்தான். ஆணி தேய்ந்து மேலே வந்தால் அந்தக் காலுக்குத் தெரியாது அல்லவா? பின்பக்கம் வார் அவசியம். செருப்பு கழன்று விழுந்ததும் அந்தக் காலுக்குத் தெரியாதே.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையிலும் இந்த வேலை வளர்ந்தது. நரம்பு கெட்டுப் பாதம் முன்னால் தொங்கிவிட்டால், விரலைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை கொடுத்தார்கள். தேவைப்பட்டால் கணுக்காலின் உள்பக்கம் வரும் ஒரு தசைநாரை முன்பக்கம் கொண்டுவந்து தைத்து, பாதத்தை மறுபடி தூக்கவும் வைத்தார்கள்.

1966ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூர்ப் பாடம் அங்கே சர்க்கரை நோயாளிக்குப் பயன்பட்டது. அங்கும் அதே கதைதான்: உணர்ச்சி இழந்த பாதம், தெரியாத புண். இன்று சர்க்கரை டாக்டர் உள்ளங்காலில் நைலான் இழையால் தொட்டு ‘தெரிகிறதா?’ என்று கேட்கிறாரே, அந்தச் சோதனையைப் பாதத்துக்குப் பக்குவப்படுத்தியதிலும் கார்வில்லுக்குப் பங்கு உண்டு. பிராண்ட் 2003ல் காலமானார்.

ஜெய்ப்பூர்: குந்தி உட்காரும் பாதம்

இனி ஜெய்ப்பூர். வேலூர் இருக்கிற பாதத்தைக் காத்தது. ஜெய்ப்பூர் இழந்த பாதத்துக்கு மாற்று கொடுத்தது.

போரில் கால் இழந்த சிப்பாய்களுக்காகப் புனேயில் 1944லேயே செயற்கை உறுப்பு மையம் வந்துவிட்டது. 1950களில் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘சாக்’ பாதம் உலகெங்கும் பரவியது. அதில் கணுக்கால் அசையாது; ஷூவுக்குள் போட்டுக்கொண்டால் ஜோராக நடக்கலாம். ஆனால் ராஜஸ்தான் விவசாயி ஷூ போட்டுச் சேற்றில் இறங்குவதா? குந்த முடியாமல், சாமி சந்நிதியிலும் சமையல்கட்டிலும் ஷூவைக் கழற்ற முடியாமல், வாங்கின காலை மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினவர்கள் நிறையப் பேர்.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு சிகிச்சை நிபுணர் பிரமோத் கரண் சேத்தி இதைக் கவனித்தார். அங்கே நோயாளிகளுக்குக் கைவேலை கற்றுத்தர வந்தவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். ‘மாஸ்டர்ஜி’ என்பார்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை, கை மட்டும் சாமானியமான கை அல்ல. டயர் ரீட்ரெடிங் கடையில் ரப்பரை அச்சில் வேக வைப்பதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். டாக்டர் உடற்கூறு சொல்லிக்கொடுக்க, மாஸ்டர்ஜி அச்சு வார்க்க, பலமுறை தோற்று 1968ல் பாதம் உருவாயிற்று.

அதன் உள்ளே மூன்று கட்டைகள். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் ஸ்பான்ஞ்சு போன்ற மைக்ரோ செல்லுலர் ரப்பர், கணுக்காலுக்கு லேசான மரம். இவற்றைச் சேர்த்து, மேலே ரப்பர் சுற்றி, தோல் நிறத்தில் அச்சில் வேக வைத்தார்கள். ரப்பர் வளைவதால் பாதம் மேலே மடங்குகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. குந்தலாம், சம்மணம் போடலாம், வெறுங்காலோடு சேற்றில் இறங்கலாம். மேல்காலை ஆரம்பத்தில் அலுமினியத் தகட்டில் தட்டிச் செய்தார்கள். பிற்பாடு தண்ணீர்க் குழாய் செய்யும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் வந்தது. இதற்குக் காப்புரிமையும் வாங்கி வைக்கவில்லை. 1981ல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. மாஸ்டர்ஜி பெயர் வெளியே தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் நல்ல சரக்கு இருந்தால் மட்டும் போதுமா? வாங்குபவனிடம் போய்ச் சேர வேண்டுமே. முதல் ஏழு வருஷத்தில் மிகச் சிலருக்கே இந்தக் கால் கிடைத்தது. டி.ஆர். மேத்தா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 1969ல் விபத்தில் கால் நொறுங்கி, கால் போய்விடுமோ என்ற நிலையிலிருந்து மீண்டவர். அவர் 1975ல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியைத் தொடங்கினார். மகாவீரர் நிர்வாணம் அடைந்த 2500ஆம் ஆண்டை நாடே கொண்டாடிய சமயம் அது. ராத்திரி வந்தாலும் உள்ளே சேர்ப்பது, சோறும் படுக்கையும் இலவசம், காலும் இலவசம், மாட்டிக்கொண்டு நடந்தே ஊர் திரும்பலாம் என்பது ஏற்பாடு. அதன் பிறகு இந்தப் பாதம் லட்சக்கணக்கானோருக்கு, கண்ணிவெடி வெடித்த ஆப்கானிஸ்தான் வரைக்கும் போயிற்று. நம் சங்கத்தில் பலர் பங்குச் சந்தைக்காரர்கள். பின்னாளில் 1995 முதல் 2002 வரை செபி தலைவராக இருந்த அதே மேத்தாதான் இவர்.

குறையும் சொல்ல வேண்டும். பாதம் கனம் கூடுதல், பட்டறைக்குப் பட்டறை தரம் மாறுகிறது என்று நிபுணர்கள் சொன்னதுண்டு. எடை குறைந்த பாலியூரித்தேன் பாதத்துக்கு இஸ்ரோ விஞ்ஞானிகளும் உதவினார்கள். இருந்தாலும், 1981ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் கால் இழந்த மும்பை நடனமணி சுதா சந்திரன், இந்தப் பாதத்தோடு 1984ல் மறுபடி பரத மேடை ஏறினாரே, அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நமக்கு இதனால் என்ன?

கடைக்கு வரும் நம்மவர்களில் சர்க்கரை இல்லாதவரைக் காண்பது அரிதாகி வருகிறது. பாதம் மரத்துப்போன ஒருவரிடம் எம்.சி.ஆர். செருப்பை எடுத்துக் காட்டினால், “ஐயய்யோ, அது அந்த வியாதிக்காரங்க போடறதாச்சே, நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்கிறார். தொழுநோயாளிகளே இதே பயத்தால் செருப்பை மறைத்து வைத்துப் பாதத்தை இழந்த கதை வேலூர் வரலாற்றில் உண்டு. கூச்சத்துக்குக் கொடுக்கிற விலை விரலாக இருக்கக் கூடாது. இன்று பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாத மாடல்கள் வந்துவிட்டன. டாக்டரைக் கேட்டு, பின்வார் உள்ளதாக, மாலை வேளையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள்.

வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினம் ஒரு தடவை பிள்ளைகள் பார்க்க வேண்டும். காலில் வெந்நீர் ஊற்றுமுன் முழங்கையால் சூடு பாருங்கள். காலாணியைப் பிளேடால் செதுக்காதீர்கள். செருப்பைத் தட்டி உதறிய பிறகு காலை நுழையுங்கள். கோடையில் ஊருக்குப் போனால், உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் மரத்த காலோடு சுற்ற வேண்டாம். நானும் என் வீட்டாரும் பொன்னூர் மலைக்கு விடிகாலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுகிறோம். திருப்பாத தரிசனம் அப்போதும் குறைவில்லாமல்தான் கிடைக்கிறது.