வடமுனைக் கடலில் ஆற்றின் நிறம்

வடமுனைச் சமுத்திரம் உலகக் கடல்நீரில் நூற்றிலொரு பங்கையே கொண்டது. ஆயினும், உலகின் ஆறுகள் கடலிற் சேர்க்கும் நீரில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு அதனையே சென்றடைகின்றது. ஓப், யெனிசெய், லீனா, மக்கென்சி முதலிய பேராறுகள் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் மட்கிய பொருள்களைக் கரைத்து, தேநீர் வண்ணத்தோடு கடலிற் புகுகின்றன. இந்நிறம் ஆற்றுநீரின் வழியை அறியுஞ் சான்றாக அமைந்த வரலாறு ஆராயத்தக்கதாகும்.

1881 இல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டியால் நொருக்குண்டு அமிழ்ந்த 'ஜீனெற்' என்னுங் கப்பலின் சிதைவுகள், 1884 இல் கிறீன்லாந்தின் தென்மேற்குக் கரையிற் கண்டெடுக்கப்பட்டன. சைபீரியக் காட்டு மரங்களும் அத்தீவின் கரைகளில் ஒதுங்குவதுண்டு. இவற்றைக் கொண்டு, வடமுனைக் கடலைக் குறுக்கே கடக்கும் நீரோட்டமொன்று உண்டென நோர்வே நாட்டினரான நான்சன் உய்த்துணர்ந்தார். 1893 இற் பனிக்கட்டியில் உறையவிடப்பட்ட அவரது 'பிராம்' என்னுங் கப்பல், 1896 இல் ஸ்பிற்ஸ்பேர்கனுக்கு அண்மையில் வெளிப்பட்டபோது அக்கருத்து மெய்யாயிற்று. மிதந்து வந்த மரம் நீரின் வழியைக் காட்டிற்று; கடல்நீரில் ஆற்றின் பங்கு எத்துணையென்பதை அதனாற் காட்ட இயலவில்லை.

அதனைக் காட்டவல்லது கரைந்த பொருளின் நிறமே. 1930 களில் யேர்மன் அறிஞரான கூட் காலே, கடல்நீரை மஞ்சளாக்கும் சேதனப் பொருளை ஆராய்ந்து, அதற்கு 'மஞ்சட்பொருள்' எனப் பெயரிட்டார். அது ஊதாக்கடந்த கதிரையும் நீல ஒளியையும் மிகுதியாக உறிஞ்சும். அலைநீளங் கூடக்கூட உறிஞ்சல் விரைந்து குறையும். இக்குறைவைக் கணித விதியொன்றில் அடக்கலாமென 1981 இல் பிரிக்கோ, மொரெல், பிரியூர் என்னும் மூவர் காட்டினர். அவ்வளைகோட்டின் சரிவு, அப்பொருள் நிலத்திலிருந்து வந்ததா, வெயிலில் வெளிறியதா என்பனவற்றை அறியப் பின்னர் உதவிற்று. நான்சன் கண்ட நீரோட்டத்தின் வழியே சைபீரிய ஆறுகளின் நிறம் கிறீன்லாந்தின் கிழக்கே வந்து சேர்வதும் அளந்தறியப்பட்டது. அது கடந்துவரும் நீரிணை அவரது கப்பலின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1978 இல் ஏவப்பட்ட நிம்பசு-7 செய்ம்மதி, கடலின் நிறத்தை வானிலிருந்து அளக்குங் கருவியைத் தாங்கிச் சென்றது. ஆயின் நீல ஒளியை மஞ்சட்பொருள் மட்டுமன்றிப் பாசிகளின் பச்சையமும் உறிஞ்சும். ஆகவே ஆற்றுமுகங்களில் மட்கின் நிறத்தைப் பாசியெனக் கொள்ளும் பிழை நேர்ந்தது. இப்பிழையைத் திருத்துவதற்கு ஆற்றிலும் கடலிலும் எடுத்த நீரே அளவுகோலாக வேண்டும். 2003 முதல் அமெரிக்க, கனேடிய, உருசிய அறிஞர் வடபுலப் பேராறுகள் ஆறில் ஒரே முறைப்படி நீர்மாதிரிகளைச் சேர்த்தனர். பனியுருகும் வெள்ளக் காலத்திலும் நீர் எடுக்கப்பட்டமையால், ஆண்டுமுழுவதும் கடல்சேரும் சேதனப் பொருளிற் பெரும்பங்கு அச்சில வாரங்களிலேயே செல்வது தெளிவாயிற்று. முன்னைய மதிப்பீடுகள் குறைந்திருந்தமைக்கு அவ்வெள்ளத்தைத் தவறவிட்டமையும் ஒரு காரணமாகும்.

நெடுங்காலம் உறைந்துகிடந்த வடபுல நிலம் இன்று இளகி வருகின்றது. அதனுள் அடைபட்ட பழங்காபன் ஆறுகளில் இறங்குகின்றதா என்பதே இன்றைய வினா. நிறம் பொருளின் அளவைக் கூறும். அதன் வயதைக் கூறாது. வயதை அறியக் கதிர்வீசுங் காபனை அளத்தல் வேண்டும். வானிலிருந்து நோக்குங் கண் எத்துணை கூரியதாயினும், வெள்ளம் பெருகும் வேளையில் ஆற்றங்கரைக்குச் சென்று நீர் முகப்போரின் பணி இன்னும் ஒழிந்திலது.