ஒளிப்படமும் தூரிகையின் உழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

உருவப்படம் நெடுங்காலம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. ஓவியனை அமர்த்தித் தம் உருவைத் தீட்டுவிக்கும் வசதி அரசருக்கும் பிரபுக்களுக்கும் பெருவணிகருக்குமே வாய்த்தது. 1839 இல் டாகேரின் ஒளிப்பட முறை பாரிசில் வெளியிடப்பட்டபின் இந்நிலை மாறத் தொடங்கியது. அம்மாற்றத்தால் முதலில் நலிவுற்றோர் சிற்றுருவ ஓவியரே என்பதை வால்டர் பெஞ்சமின் 1931 இல் எழுதிய ஒளிப்பட வரலாற்றுக் கட்டுரையிற் சுட்டியுள்ளார். அவ்வோவியருட் பலர் தாமே ஒளிப்படத் தொழிலை மேற்கொண்டனர்.

ஆயின், ஒளிப்படம் ஓவியத்தை அகற்றிவிட்டது எனக் கொள்வது பொருந்தாது. நிறமற்ற உருவம் மக்களுக்கு நிறைவளிக்கவில்லை. 1840களிலேயே ஒளிப்படத் தகடுகளின்மீது வண்ணத்தூள் இடும் வழக்கம் தோன்றியது. 1863 இல் யொகொஹாமாவுக்குச் சென்ற பெலிசே பீட்டோவின் நிலையத்தில், யப்பானிய வண்ணந்தீட்டுநர் ஒளிப்படங்களுக்கு நீர்வண்ணம் பூசினர். பீட்டோவின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அவ்வண்ணந்தீட்டுநரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தன. இவ்வேறுபாடு தற்செயலானதன்று, கருவியை உடையோனுக்கும் கையால் உழைப்போனுக்கும் இடையிலான உறவின் வெளிப்பாடே அது.

இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் கணினியோடு தொடங்குகிறது. 1976 இல் குவஹாராவும் அவர்தம் குழுவினரும் இதயத்தின் மருத்துவப் படங்களைத் தெளிவாக்க ஒரு வடிகட்டியை வகுத்தனர். ஒவ்வொரு புள்ளியையும் சூழ்ந்த நான்கு சிறு பகுதிகளுள் வேறுபாடு மிகக் குறைந்ததன் சராசரியை அப்புள்ளிக்கு இடுவதே அதன் செயன்முறை. விளிம்புகள் சிதையாது, ஏனைய இடங்கள் சீரான திட்டுகளாகும். தைலவண்ணத் தோற்றம் தருவதால் அது பின்னர் ஓவியப் பயன்பாட்டுக்கும் வந்தது.

போட்டோசொப் மென்பொருள் வெளிவந்த 1990 ஆம் ஆண்டிலேயே போல் ஹேபெர்லி வேறொரு முறையை முன்வைத்தார். அதிற் பயனர் தூரிகையை நகர்த்துவார். அவ்விடத்து நிறத்தை ஒளிப்படத்திலிருந்து கணினி எடுத்துத் தரும். 1998 இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் வகுத்த முறையில் தூரிகைவீச்சுகளையும் கணினியே இட்டது: முதலிற் பெரிய வீச்சுகள், மூலப்படத்தினின்று வேறுபாடு மிகுந்த இடங்களிற் சிறியவை. 2015 இல் கற்றிஸ், எக்கர், பெத்கே ஆகியோர் நரம்பணு வலையமைப்பைக் கொண்டு வான்கோ போன்றோரின் ஓவியப் பாணியையே ஒளிப்படத்துக்கு மாற்றிக் காட்டினர். மறுவாண்டே அத்தகைய மாற்றத்தைக் கைத்தொலைபேசியிற் செய்யும் பிரிஸ்மா செயலி வெளிவந்தது.

இப்படிமுறைகளை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். முதலில் நிறத்தேர்வும், அடுத்துத் தூரிகைவீச்சும், ஈற்றிற் பாணியும் மனிதக் கையினின்று பொறிக்கு மாறின. வான்கோ 1890 இல் இறந்தவர். அவர் பாணியைக் கொள்வதால் எவர் பிழைப்பும் கெடுவதில்லை. ஆனால் 2022 இன் படவாக்க மென்பொருள்கள் வாழும் ஓவியரின் படைப்புகளையும் கொண்டு பயிற்றப்பட்டன. அதனை எதிர்த்து 2023 ஜனவரியில் ஓவியர் மூவர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர்.

உழைக்கும் மனிதன் தன் தாயின் சிறு ஒளிப்படத்தை வண்ண ஓவியமாக்கிச் சுவரில் மாட்ட இயலுவதை நாம் குறைகூறோம். முன்பு மாளிகைக்கு மட்டும் உரியதாயிருந்தது இன்று குடிசைக்கும் எட்டியுள்ளது. எனவே, 'இது கலையா, அன்றா?' என்ற வினாவிலும், இதனுள் யாருடைய உழைப்பு அடங்கியுள்ளது, அதன் பயன் யாரைச் சேர்கிறது என்ற வினாக்களே முதன்மையானவை. யொகொஹாமாவின் வண்ணந்தீட்டுநர் காலத்தில் எழுப்பப்படாத அவ்வினாக்களை இன்று எழுப்புவது ஆய்வாளரின் கடமை என்பது எம் துணிபு.