யாழ்தேவி திரும்பி வந்தாள்

ரயில் தினமும் வந்து போகிற ஊரில் ரயில் ஒரு பெரிய விஷயமே அல்ல. வந்துகொண்டிருந்த ரயில் நின்று போன ஊரில்தான் அதன் அருமையைக் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணம் அப்படிப்பட்ட ஊர். 1905-ல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் பாதை இணைந்தது. 1956-ல் யாழ்தேவி ஓட ஆரம்பித்தாள். கொழும்பில் உத்தியோகம் பார்த்த குமாஸ்தாக்கள் லீவுக்கு ஊர் போனது அவளில்தான். திரும்பும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடையும் கூடவே பிரயாணம் செய்யும்.

1990-ல் யுத்தம் மறுபடி மூண்டபோது வண்டி நின்றது. வண்டி மட்டுமா? தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஸ்டேஷன் கட்டடங்கள் குண்டுபட்டு இடிந்தன. பாதையில் பற்றைக்காடு மண்டியது. ஒரு காலத்தில் மலாயா ரயில்வேக்கே ஸ்டேஷன் மாஸ்டர்களை அனுப்பிய ஊரில், ரயிலைக் கண்ணால் காணாத ஒரு தலைமுறை வளர்ந்தது.

2009-ல் யுத்தம் முடிந்தது. பாதையைத் திரும்பப் போடும் வேலை 'இர்கான்' என்ற இந்திய சர்க்கார் ஸ்தாபனத்திடம் வந்தது. 1976-ல் நமது ரயில்வே இலாகாவின் கீழ் பிறந்த கம்பெனி இது. ஈராக், அல்ஜீரியா, வங்காளதேசம் என்று பல தேசங்களில் வேலை செய்தது. மலேசியாவில் சிரம்பானுக்கும் கிம்மாஸுக்கும் இடையே இரட்டைப் பாதை போட்டதும் இதுவே.

வடக்கில் முதல் வேலை தண்டவாளம் போடுவதல்ல, கண்ணிவெடி அகற்றுவது. அதன் பிறகுதான் மண் அணை, ஜல்லி, இரும்பு எல்லாம். ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீட்டர். பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை தனியே ஒரு கிளை. 2013 செப்டம்பரில் வண்டி கிளிநொச்சியை எட்டியது; 2014 மார்ச்சில் பளையை. அதே ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குள் யாழ்தேவி நுழைந்தாள். அடுத்த மார்ச்சில் தலைமன்னாருக்கும் ரயில் போயிற்று.

இது தர்மமா, வியாபாரமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் இந்தியா கொடுத்த கடன். அந்தக் கடனில் வேலை எடுத்ததும் இந்திய ஸ்தாபனம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது இத்தகைய கடன்களின் சுபாவம். வட்டியோடு அடைக்க வேண்டியது இலங்கை. 2022-ல் அந்தத் தேசம் தன் வெளிநாட்டுக் கடன்களையே கட்ட முடியாமல் கையை விரித்தது. ஆகவே தர்மம் என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆனால், வெறும் வியாபாரம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சிலிப்பர்க் கட்டை பதுங்குகுழிக்குப் போகிற காலமும் உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற காலமும் உண்டு. இரண்டாவது காலத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

ரயில் திரும்பி வந்துவிட்டது. அதில் ஊரை விட்டுப் போனவர்களில் எத்தனையோ பேர் லண்டனிலும் டொரான்டோவிலும் தங்கிவிட்டார்கள். எத்தனையோ பேர் எங்குமே இல்லை. 1990-ல் பிறந்த பிள்ளைக்கு அந்த அக்டோபரில் வயது இருபத்து நான்கு. முதல் முறையாகத் தன் ஊருக்குள் ரயில் வருவதைப் பார்க்க அவன் தன் இளமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தக் கம்பெனியாலும் திருப்பிக் கட்டித் தர முடியாத பாதை அது ஒன்றுதான்.